இலாபம் இரண்டு மடங்கு, பங்கு விலை மட்டும் இறக்கம்: காலாண்டு அறிக்கையில எதைப் பார்க்கிறது?

பாலியாறு (கேள்வி)

வணக்கம் எல்லாருக்கும். கொழும்பு பங்குச் சந்தையில இருக்கிற ஒரு ஏற்றுமதிக் கம்பனியின்ர செப்டெம்பர் காலாண்டு அறிக்கையை வைச்சுக் கேக்கிறன். பெயரை வேணுமெண்டே விடுறன், பேச்சு கணக்கில நிக்கட்டும்.

வரிக்குப் பிந்தின இலாபம் 91 மில்லியனில இருந்து 182 மில்லியன். சரியா இரண்டு மடங்கு. ஆனா அறிக்கை வந்த கிழமையே விலை 36 ரூபாயில இருந்து 31க்கு இறங்கிட்டுது. செயலியில பீ.ஈ. விகிதம் (பங்கு விலையை ஒரு பங்குக்கான வருட இலாபத்தால பிரிச்சது) 10 ஆக இருந்தது, இப்ப 6.9 எண்டு காட்டுது. மலிவெண்டு வாங்கிறதா, ஏதோ பிழையெண்டு விலகிறதா?

அறிக்கையில இருக்கிற எண்கள் (மில்லியன் ரூபா, இந்த வருடம், பிறகு போன வருடம் இதே காலாண்டு): விற்பனை 2,400 / 2,350. மொத்த இலாபம் 420 / 470. ஏனைய வருமானம் 190 / 15. விநியோக, நிர்வாகச் செலவு 270 / 260. தேறிய வட்டிச் செலவு 80 / 95. வரி 78 / 39. பங்குகள் 100 மில்லியன், இரண்டு வருடமும் மாற்றமில்லை. ஆறு மாதத்துக்கான தொழிற்பாட்டுக் காசுப்பாய்ச்சல் மறை 210, அதாவது தொழிலில வந்த காசைவிடப் போன காசு 210 கூட.

இன்னொரு கேள்வி. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காலபோக நெல்லு நல்லா வந்தா, அல்லது கெட்டுப்போனா, அது எந்தப் பங்கின்ர விலையிலயாவது தெரியுமா? எங்கட கண்ணுக்கு முன்னால நடக்கிறதை வைச்சு முந்திக்கொள்ள வழியிருக்கா?

கனகராயன்

பாலியாறு, நீங்கள் எழுதின எண்களுக்குள்ளேயே பதில் கிடக்கிறது. கடைசி வரியில் தொடங்காமல் மேலிருந்து கீழே வாங்கோ.

விற்பனை கூடினது 2 சதவீதம் மட்டும். மொத்த இலாபம் 470இலிருந்து 420க்கு இறங்கியிருக்கிறது. அதாவது விற்ற ஒவ்வொரு 100 ரூபாயிலும் போன வருடம் 20 ரூபா மிஞ்சினது, இந்த வருடம் 17.50. ஏற்றுமதிக் கம்பனிக்கு இதைவிட முக்கியமான வரி இல்லை. மூலப்பொருள் விலை ஏறினாலும், ரூபாய் பலப்பட்டாலும், வெளிநாட்டு வாங்குநர் விலையை நெருக்கினாலும் முதலில் அடி விழுவது இந்த இடத்தில்தான்.

பிறகு ஏனைய வருமானம் 190. போன வருடம் 15. இந்த வித்தியாசத்துக்கான குறிப்பை அறிக்கையின் பின்பக்கங்களில் தேடுங்கோ. காணி, கட்டடம் விற்ற இலாபமா, நாணய மாற்று இலாபமா, முதலீட்டுச் சொத்தை மறுமதிப்புச் செய்ததா என்று எழுதியிருக்கும். அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கும். ‘டிஸ்போசல்’ (சொத்து விற்பனை), ‘ஃபெயார் வெல்யூ’ (மறுமதிப்பு), ‘எக்ஸ்சேஞ்ச் கெயின்’ (நாணய மாற்று இலாபம்) என்ற சொற்கள் கண்ணில் பட்டால் அந்த இடத்தில் நின்று தொகையைத் தனியாக எடுத்து எழுதுங்கோ.

எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கோ, மிச்சத்தைப் பேசலாம்.

பாலியாறு

பார்த்தன் அண்ணை. காணி விற்ற இலாபம் 170 மில்லியன் எண்டு ஆறாவது குறிப்பில போட்டிருக்கு. அந்த விற்பனையை ஓகஸ்ட் மாதமே சந்தைக்கு அறிவிச்சிருக்கினம். அந்த நேரம் விலை 32இல இருந்து 36க்கு ஏறினது.

கனகராயன்

அப்படியென்றால் எல்லாம் பொருந்துகிறது.

அந்த 170ஐ நீக்கிக் கணக்கைத் திரும்பப் போடுங்கோ. மொத்த இலாபம் 420, மிச்ச ஏனைய வருமானம் 20, கூட்டினால் 440. செலவு 270 போக 170. வட்டி 80 போக 90. வரி 30 சதவீதம், 27. மிஞ்சுவது 63 மில்லியன். போன வருடம் 91. ஆக, இரண்டு மடங்கு என்று தலைப்பில் தெரிந்த இலாபம் உண்மையில் 31 சதவீத வீழ்ச்சி. விலை விழுந்ததற்கு இதுதான் முதற் காரணம்.

இப்ப பீ.ஈ.க்கு வாங்கோ. அறிக்கைக்கு முந்தின நான்கு காலாண்டுகளின் பங்கொன்றுக்கான உழைப்பு (இலாபத்தைப் பங்கு எண்ணிக்கையால் பிரித்தது) 3.60 ஆக இருந்திருக்க வேண்டும், 36க்குப் பீ.ஈ. 10 வந்தபடியால். செயலி செய்வது இதுதான்: 3.60இலிருந்து பழைய காலாண்டின் 0.91ஐ எடுத்துவிட்டுப் புதிய 1.82ஐச் சேர்க்கிறது, 4.51. விலை 31ஐ அதால் பிரிக்க 6.9. காணி விற்ற காசும் தொழிலில் உழைத்த காசும் அதற்கு ஒன்றுதான்.

நீங்கள் 1.82க்குப் பதில் 0.63ஐச் சேர்த்தால் 3.32. விலை 31க்குப் பீ.ஈ. 9.3. கடைசிக் காலாண்டு போலவே இனி நான்கு காலாண்டும் போகும் என்று வைத்தால் வருடத்துக்கு 2.52, பீ.ஈ. 12.3. மலிவு என்று தோன்றிய பங்கு முந்தியைவிட விலை கூடியதாகவும் இருக்கலாம். பருவத்துக்குப் பருவம் விற்பனை மாறுகிற தொழிலென்றால் ஒரு காலாண்டை நாலால் பெருக்குவது பிழையாகப் போகும், அங்கே நான்கு காலாண்டுக் கூட்டலையே நம்புங்கோ.

ஓகஸ்ட் ஏற்றத்தையும் கணக்கில் எடுங்கோ. 170இல் வரி போக 119 மில்லியன், ஒரு பங்குக்கு 1.19 ரூபா. ஒரு முறை வருகிற காசு, அதனால் ஒரு முறைதான் விலையில் சேர வேண்டும். சந்தை அன்று ஒரு பங்குக்கு 4 ரூபா கூட்டியது. அப்போதே அதிகம் கொடுத்தாகிவிட்டது. அறிக்கை வந்தபோது காணி இலாபம் யாருக்கும் புதினமில்லை, மொத்த இலாபம் சுருங்கினதுதான் புதினம். கம்பனியின் அடிப்படை நிலைமை பங்கு விலையை நகர்த்துவது உண்மை. ஆனால் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த அடிப்படை நகர்த்தாது, எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையிலான தூரம்தான் நகர்த்தும்.

காசுப்பாய்ச்சல் மறை 210 என்று எழுதினீர்கள். இலாபம் காட்டுகிற கம்பனியில் காசு வெளியே போனால் ஒன்றில் விற்காமல் கிடக்கிற இருப்பு ஏறியிருக்கும், ஒன்றில் வருமதி (வாங்குநர் இன்னும் தராத காசு) ஏறியிருக்கும். நிதிநிலைக் கூற்றில் வருமதியைப் பார்த்து, செப்டெம்பர் மீதியைக் காலாண்டு விற்பனையால் பிரித்து 92ஆல் பெருக்குங்கோ. அத்தனை நாள் கடனுக்கு விற்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கவனம்: இந்த அறிக்கையில் பக்கத்தில் போட்டிருப்பது மார்ச் 31 மீதி, போன செப்டெம்பர் மீதியில்லை. ஒப்பிடப் போன வருட அறிக்கையைத் தனியாகத் திறக்க வேண்டும். இதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

பாலியாறு

வருமதி இப்ப 2,050. போன வருட செப்டெம்பரில 1,500.

கனகராயன்

79 நாள், போன வருடம் 59 நாள். 20 நாள் நீண்டிருக்கிறது. விற்பனை 2 சதவீதம் கூடினதே வாங்குநருக்குத் தவணை நீட்டிக் கொடுத்ததால் இருக்கலாம். வட்டிச் செலவு 95இலிருந்து 80க்கு இறங்கினது வட்டி வீதம் குறைந்ததால் போலத் தெரிகிறது. வருமதி இப்படியே ஏறினால் அதற்குக் கடன் எடுக்க வேண்டி வரும், அந்த இறக்கமும் நிற்காது.

மாந்தை

கனகராயன் அண்ணை கம்பனிக்குள்ளே நடப்பதை நன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். வெளியே இருந்து பீ.ஈ.யையே தூக்கி இறக்குகிற ஒன்றைச் சேர்க்கிறேன்: வட்டி வீதம்.

பங்கை வாங்குகிறவருக்கு எப்போதும் இன்னொரு வழி திறந்திருக்கிறது, திறைசேரி உண்டியல், அதாவது அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கிற பத்திரம். 364 நாள் உண்டியல் 8 சதவீதம் தந்தால், 100 ரூபா போட்டு 8 ரூபா எடுக்கலாம், அது 12.5 மடங்கு விலைக்குச் சமம். 2022 முடிவில் அதே உண்டியல் 29 சதவீதமளவில் கிடைத்தது. அதாவது மூன்றரை மடங்குக்கும் கீழே. அரசாங்கம் அந்த விலைக்கு விற்கும்போது ஆபத்துக் கூடிய பங்குக்கு யார் 10 மடங்கு கொடுப்பார்கள்? இலாபம் அப்படியே இருந்தாலும் விலை விழ வேண்டும்.

2022 ஏப்ரல் 8 மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியது. அந்த வருடம் ரூபாய் டொலருக்கு 200 அளவிலிருந்து 360 அளவுக்கு வீழ்ந்ததால் ஏற்றுமதிக் கம்பனிகளின் இலாபம் ஊதிப் பெருத்தது, பீ.ஈ. மிகக் குறைவாகத் தெரிந்தது. ஆனாலும் விலை அதே அளவுக்கு ஏறவில்லை, இரண்டு காரணத்தால்: வட்டி மேலே இருந்தது, நாணய இலாபம் திரும்ப வராது என்று சந்தைக்குத் தெரிந்திருந்தது. 2023இல் ரூபாய் பலப்பட்டதும் அந்த இலாபங்கள் கரைந்தன. பிறகு வட்டி இறங்க இறங்க முழுச் சந்தையும் ஏறியது. 2024இல் மட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி கிட்டத்தட்ட 50 சதவீதம் கூடியது. அந்த ஏற்றத்தில் எவ்வளவு இலாபத்தால் வந்தது, எவ்வளவு பீ.ஈ. கூடினதால் வந்தது என்று உங்கள் பங்குக்குப் பிரித்துப் பாருங்கோ. வட்டி திரும்பினால் இரண்டாவது பகுதி முதலில் போகும்.

இனி கிளிநொச்சி, முல்லைத்தீவு என்ற வன்னிக் கேள்வி. நேரடியாகத் தெரிகிற இடம் குறைவு. எங்கள் பக்கத்து நெல் ஆலைகள் தனியார் கையில், சந்தையில் பட்டியலிடாதவை. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருகிற மாஸ் போன்ற ஆடைக் கம்பனியும் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள சுப்பர்மார்க்கற்காரருக்கு வவுனியாக் கிளையில் கூட்டம் நிற்பது நாடு முழுக்க உள்ள கிளைகளில் ஒன்று மட்டும். அதைப் பார்த்துப் பங்கு வாங்குவது வீண்.

தெரியக்கூடிய இடம் லீசிங், அதாவது வாகனம், இயந்திரத்தைத் தவணைக் கடனுக்குக் கொடுக்கிற கம்பனிகள். உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர், அறுவடை மெசின், முச்சக்கரவண்டி எல்லாம் இங்கே லீசிங்கில்தான் ஓடுகின்றன. காலபோக அறுவடை மாசி, பங்குனியில் முடிகிறது. விளைச்சல் கெட்டால், அல்லது அறுவடை நேரத்தில் மூடை விலை விழுந்தால், தவணை தவறுகிறது. கம்பனிக் கணக்கில் 30 நாள் தாண்டிய கடன் இரண்டாம் நிலைக்கும், 90 நாள் தாண்டியது மூன்றாம் நிலைக்கும் போகும். நிலை கூடக் கூட ஒதுக்க வேண்டிய சேதவிழப்புத் தொகை (கடன் திரும்பி வராமல் போகலாம் என்று இலாபத்தில் கழிப்பது) கூடும். ஆக, பங்குனியில் தவறின தவணை ஜூன் காலாண்டு அறிக்கையில்தான் முழுதாகத் தெரியும், அந்த அறிக்கை ஓகஸ்ட் நடுப்பகுதியில்தான் கைக்கு வரும். இடையில் நான்கைந்து மாதம் இருக்கிறது.

ஆனால் இதை வைத்து முந்திக்கொள்ள நினைத்தால் ஒன்று பார்க்க வேண்டும்: அந்தக் கம்பனியின் கடனில் விவசாய உபகரணம் எத்தனை சதவீதம்? ஆண்டறிக்கையில் துறைவாரியாகவும், சிலர் மாகாணவாரியாகவும் அட்டவணை போடுகிறார்கள். வடமாகாணம் மொத்தக் கடனில் 5 சதவீதமென்றால் இரணைமடுக் குளத்தின் கீழே எவ்வளவு பயிர் அழிந்தாலும் விலை அசையாது. நாடு முழுவதும் பயிர் கெட்ட வருடங்களில்தான் அசையும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து நவம்பரில் விலக்கினார்களே, அந்தப் போகம் அப்படியானது.

லீசிங் கம்பனியில் இன்னொரு பொறி. கொடுத்த கடனுக்கு வட்டி மூன்று, நான்கு வருடத்துக்கு நிலையானது. வாங்கிய வைப்புக்கு வட்டி ஒரு வருடத்துக்குள் மாறும். வட்டி இறங்கும் காலத்தில் வைப்புச் செலவு முதலில் குறைகிறது, இலாபம் விரிகிறது. 2023, 2024இல் அது நடந்தது. அந்த விரிவை நிரந்தரமென்று எடுத்துப் பீ.ஈ. கணிக்காதேங்கோ. வட்டி ஏறும்போது அதே பொறி மறுபக்கம் இழுக்கும்.

வங்கிப் பங்கென்றால் 2024 டிசம்பர் காலாண்டை அப்படியே எடுக்காதேங்கோ. அரசின் வெளிநாட்டு முறிகள் (கடன் பத்திரங்கள்) அந்த மாதம் மறுசீரமைக்கப்பட்டன. முன்னைய வருடங்களில் அந்த முறிகளுக்கு ஒதுக்கிய சேதவிழப்பு அந்தக் காலாண்டில் திரும்பி எழுதப்பட்டது. காணி விற்பனை போலத்தான், ஒரு முறைக்கு உரியது. வங்கிக்குப் பீ.ஈ.யைவிட விலையைத் தேறிய சொத்துப் பெறுமதியோடு (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) ஒப்பிடுவது நம்பகமானது. ஒரு பங்கின் தேறிய சொத்து 150, விலை 105 என்றால் 0.7 மடங்கு. அந்த வங்கி உரிமையாண்மைக்கு (பங்குதாரரின் மூலதனத்துக்கு) வருடம் 18 சதவீதம் உழைக்கிறதென்றால் 0.7 மலிவு. 7 சதவீதம் மட்டும் உழைத்தால் 0.7 சரியான விலை, மலிவில்லை. இரண்டு எண்ணையும் சேர்த்தே பாருங்கோ.

முத்தையன்கட்டு

மாந்தை அக்கா சொன்னதுக்கு மேல பங்கு எண்ணிக்கையைப் பற்றி ஒரு விசயம். பாலியாறு சொன்ன கம்பனியில எண்ணிக்கை மாறேல்ல, அது நல்லது. மாறின கம்பனியில பழைய எண்ணைப் புது எண்ணோட அப்படியே ஒப்பிட்டா முழுக்கப் பிழைக்கும். ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் 2024இல ஒரு பங்கைப் பத்தாப் பிரிச்சது. 200 ரூபா அளவில நின்ற விலை 20 அளவுக்கு வந்தது, ஒருத்தருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை. ஆனா பழைய ஆண்டறிக்கையில இருக்கிற பங்கொன்றுக்கான உழைப்பைப் பத்தால பிரிக்காம புது விலையோட ஒப்பிட்டா பீ.ஈ. பத்தில ஒரு பங்காத் தெரிஞ்சு கண்ணைப் பறிக்கும்.

உரிமை வழங்கல், அதாவது இருக்கிற பங்குதாரருக்குக் குறிச்ச விலையில புதுப்பங்கு தாறது, வேற மாதிரி. உதாரணத்துக்கு 5 பங்குக்கு 1 புதுப்பங்கு, 20 ரூபாவுக்கு. சந்தை விலை 32. உரிமை கழிஞ்ச விலை: ஐந்து முப்பத்திரண்டு 160, ஒரு 20 சேர்த்து 180, ஆறால பிரிக்க 30. விலை 32இல இருந்து 30க்குப் போறது நட்டமில்லை, ஆனா உரிமையை எடுக்காம, விற்கவும் செய்யாம விட்டா அந்த 2 ரூபா உங்கட கையை விட்டுப் போயிடும். பிறகு பாருங்கோ, பங்கு 20 சதவீதம் கூடியிருக்கு. திரட்டின காசு அந்தளவு இலாபத்தைக் கொண்டு வராட்டி பங்கொன்றுக்கான உழைப்பு குறையும். காசு என்னத்துக்கு எண்டு சுற்றறிக்கையில இருக்கும். கடன் கட்டத்தான் எண்டா எவ்வளவு வட்டி மிச்சமாகும் எண்டு நீங்களே கணக்குப் போடலாம்.

அடிப்படை ஒன்றா இருந்தும் விலை வேறா நிக்கிறதுக்குக் கொமர்ஷல் வங்கியைப் பாருங்கோ. குறியீட்டு முடிவில ‘என்’ வாறது வாக்குரிமைப் பங்கு, ‘எக்ஸ்’ வாறது வாக்குரிமையில்லாதது. இரண்டுக்கும் ஒரே உழைப்பு. வாக்குரிமையில்லாதது வழமையா குறைஞ்ச விலைக்குப் போகும், கைமாறுற அளவும் குறைவு.

கைமாறுற அளவை ஏன் சொல்லுறன் எண்டா, அறிக்கையின்ர கடைசிப் பக்கத்தில முதல் இருபது பங்குதாரர் பட்டியலும் பொதுமக்கள் கையில இருக்கிற சதவீதமும் போட்டிருக்கும். தாய்க் கம்பனி 85 சதவீதம் வைச்சிருந்தா சந்தையில ஓடுற பங்கு கொஞ்சம். ஒரு ஆள் 500 பங்கை அவசரமா வித்தாலே விலை மூன்று சதவீதம் விழும். அது கம்பனியின்ர சேதியில்லை. அப்படியான பங்கில வாங்க நிக்கிறவர் 31 தருவன் எண்டும், விக்க நிக்கிறவர் 32.50 வேணும் எண்டும் இடைவெளி நிக்கும். வாங்கின நிமிசமே ஒன்றரை ரூபா பின்னுக்கு. சந்தை விலைக் கட்டளை போடாதேங்கோ, விலையைக் குறிச்சே போடுங்கோ.

செலவையும் மறக்க வேண்டாம். தரகுக்கூலியும் மற்ற அறவீடுகளும் சேர்த்து ஒரு பக்கம் 1.12 சதவீதம். 50,000 ரூபாய்க்கு வாங்கினா 560 ரூபா, அதே விலைக்கு விற்றாலும் இன்னொரு 560. விலை 2.3 சதவீதம் ஏறினாத்தான் போட்ட காசு வரும். பங்கிலாபத்திலயும் 15 சதவீதம் வரி கழிச்சுத்தான் தருவினம்.

பாலியாறு

நன்றி அண்ணை, அக்கா. கடைசியா ஒன்று: 31க்கு இப்ப வாங்காம இருந்தா, எப்ப, எதைப் பார்த்துத் திரும்ப யோசிக்கிறது?

கனகராயன்

டிசம்பர் காலாண்டு அறிக்கை பெப்ரவரி நடுப்பகுதிக்குள் வர வேண்டும், முதல் மூன்று காலாண்டுக்கும் 45 நாள்தான் அவகாசம். மார்ச் காலாண்டுக்கு இரண்டு மாதம், மே முடிவு. கணக்காய்வு செய்த ஆண்டறிக்கைக்கு ஐந்து மாதம்.

பெப்ரவரியில் அறிக்கை வந்ததும் மூன்று எண் எடுத்து எழுதுங்கோ. ஒன்பது மாதக் கணக்கிலிருந்து ஆறு மாதக் கணக்கைக் கழித்தும் சரிபாருங்கோ, அச்சுப் பிழையும் திருத்தமும் அங்கேதான் பிடிபடும். மொத்த இலாப வீதம் 17.5இலிருந்து 19க்கு மேல் திரும்பினதா? வருமதி நாள் 79இலிருந்து 65 பக்கம் இறங்கினதா? ஒன்பது மாதக் காசுப்பாய்ச்சல் மறையிலிருந்து நேருக்கு மாறினதா? மூன்றும் ஆமென்றால் செப்டெம்பர் ஒரு தற்காலிகச் சறுக்கல், 31 நல்ல விலையாக இருக்கலாம். மொத்த இலாப வீதம் மட்டும் திரும்பி வருமதி இன்னும் ஏறினால் நான் தொடமாட்டேன். இலாபத்தைத் தாளில் எழுதி வைத்துக் காசை வாங்குநரிடம் விட்டிருக்கிறார்கள் என்றுதான் எடுப்பேன்.

காணி விற்ற காசு எங்கே போனது என்பதையும் பாருங்கோ. காசுப்பாய்ச்சல் கூற்றின் முதலீட்டுப் பகுதியில் உள்ளே வந்திருக்கும். அடுத்த வரிகளில் அது கடன் கட்டப் போனதா, இயந்திரம் வாங்கவா, அல்லது தொழிற்பாட்டில் வந்த 210 மில்லியன் ஓட்டையை அடைக்கவா என்று தெரியும். கடைசியானது என்றால், விற்க அடுத்த காணி இருக்கிறதா என்று சொத்துக் குறிப்பைத் திறந்து பாருங்கோ.